மதியம் வந்த யானை

"நாளைக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடுங்க." வனத்துறை அதிகாரி வரைபடத்தை விரித்தார். யானைப் பாதை என்று போட்ட சிவப்புக் கோடு அவர்கள் வீட்டுக்குள் புகுந்து வெளியேறியது.

யானைத் தடம் பார்ப்பவனின் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "இங்க ஒரு யானையும் வந்ததில்லைங்க ஐயா! பிள்ளைங்களோட எங்க போவேன்?"

"செயற்கைக்கோள் பொய் சொல்லுமாம்மா? ஒரு மாசமா தினமும் மதியம் ஒரு மணிக்கு வந்து, அரை மணி நேரம் நின்னுட்டுப் போயிருக்கு. மேலிடத்துல கையெழுத்தும் ஆயிடுச்சு."

"ஏன், என் புருஷன் மாதிரி அதுவும் சோறு தின்ன வருதாக்கும்?"

அருகில் நின்ற அவன், கையிலிருந்ததை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தான். தடத்தோடு நடக்கும்போது கையில் வைத்திருக்கச் சொல்லி வனத்துறை கொடுத்த ஜி.பி.எஸ். கருவியை, சாப்பிட வரும்போதும் அவன் ஒருநாளும் அணைத்ததில்லை.