காஷ்மீரிலிருந்து ஒரு போன்

"ஏம்மா நாச்சியார், உனக்கு வயசு இருபத்தேழு ஆயிடுச்சு. இன்னும் கல்யாணம் ஆகலைன்னா, உடம்புல ஏதாவது குறையா? இல்ல, லவ் பெயிலியரா?"

மேனேஜர் பொன்னுராஜ் சுழல் நாற்காலியில் அரை வட்டம் அடித்தபடி கேட்டார். பேண்டேஜ் பாக்கெட் சாம்பிளைக் காட்டிக் கையெழுத்து வாங்க வந்தவள் நாச்சியார். சாம்பிள் மேஜைமேல் கிடந்தது. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்."

"வெட்கப்படாதம்மா. என்னை உன் அண்ணன் மாதிரி நெனச்சுக்கோ. ராத்திரி தூக்கம் வருதா? துணை இல்லாம இருக்கிறது கஷ்டமா இல்ல?"

அண்ணன் மாதிரியாம்! எந்த ஊர் அண்ணன் தங்கச்சியிடம் இப்படிக் கேட்பான்? சுடச்சுட ஒரு பதில் நாச்சியாரின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வேலை ஞாபகம் வரவும் அதை அப்படியே விழுங்கிவிட்டாள்.

ராஜபாளையத்தில் இந்த பேண்டேஜ் கம்பெனிக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. வ. புதுப்பட்டியில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து வரவேண்டும். அந்த அலைச்சல்கூட அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வேலையை விட்டால், அண்ணன் பேசி வைத்திருக்கும் கூமாப்பட்டிக்காரருக்கு ரெண்டாந்தாரமாகக் கழுத்தை நீட்டவேண்டியதுதான். வேலைக்குப் போவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றதால்தான் அந்தப் பேச்சு தள்ளிப்போயிருக்கிறது.

மேனேஜரைப் பற்றி வீட்டில் சொல்லவும் வழியில்லை. 'ஊசி எடம் குடுக்காம நூல் நுழையுமா?' என்று அண்ணன் அவளைத்தான் குற்றம் சொல்வான்.

கதவைத் தள்ளிக்கொண்டு மாடத்தி உள்ளே வந்தாள். பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். நாற்பதைத் தொடும் வயசு, நெற்றி நிறையக் குங்குமம், கையில் போன்.

"சார், செத்த நேரம் வெளிய போயிட்டு வாரேன். எங்க வீட்ல அவிய காஷ்மீர்ல இருந்து பேசுதாக. டவர் கிடைக்கதே பெரும்பாடு."

பொன்னுராஜின் நாற்காலி சட்டென்று நின்றது.

"ஹவில்தார் சாரா? பேசுங்க, பேசுங்க. சௌக்கியமா இருக்காரா?"

"இருக்காக சார். உங்க மேனேஜர் எப்படின்னு கேட்டாக. பொம்பளப் பிள்ளைகளுக்கெல்லாம் அண்ணன் மாதிரின்னு சொல்லியிருக்கேன். லீவுல வரும்போது உங்கள நேர்ல பாக்கணுமாம். மிலிட்டரி கோட்டா பாட்டிலும் கொண்டு வாராகளாம்."

"அதெல்லாம் எதுக்கும்மா..."

பொன்னுராஜ் சிரித்தார். சிரிப்பில் உயிரே இல்லை. சாம்பிளை இழுத்து, என்ன ஏது என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்டு நாச்சியாரிடம் நீட்டினார்.

"நீங்க போங்கம்மா, வேலையப் பாருங்க."

இத்தனை நாளும் நீ, உனக்கு என்று பேசின வாயில் இன்றைக்கு 'நீங்க' வந்திருக்கிறது. வெளியே வந்த நாச்சியாருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மத்தியானம் தண்ணீர்த் தொட்டி நிழலில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நாச்சியார் தூக்குவாளியைத் திறக்கவே இல்லை.

"நான் நாளையில இருந்து வரலக்கா."

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு? உங்க அண்ணன் நாளைக்கே தேதி குறிச்சிருவான்" என்றாள் மாடத்தி.

"குறிக்கட்டும். தெனமும் அந்த ஆளு முன்னாடி நின்னு கூனிக் குறுகுறதுக்கு அதுவே தேவல. மொதலாளிட்ட போயி சொல்லிப் பாக்கலாமாக்கா?"

"எல்லாம் சொல்லியாச்சு. அக்கறையில கேட்டிருப்பாரு, இதப் போயி பெருசு பண்ணாதீகன்னுட்டாரு. அன்னைக்கு முன்னால நின்னு பேசுன பிள்ளைய, பொறவு வேலைய விட்டே நிப்பாட்டிட்டாக."

நாச்சியாருக்குக் கண் கலங்கியது. மாடத்தி நல்லவள்தான், ஆனாலும் அந்த நேரத்தில் அவள்மேல் கொஞ்சம் பொறாமையும் வந்தது.

"ஒங்களுக்கு என்னக்கா! எங்கேயோ பனியில கெடக்க மனுசன், பேரச் சொன்னாலே மேனேஜரு நடுங்குதாரு. அப்படி ஒருத்தர் அமையக் குடுத்து வச்சிருக்கணும். ஒங்கள ரொம்ப நல்லா வச்சுக்கிடுவாகளோ?"

மாடத்தி கையில் எடுத்த சோற்றை வாளியிலேயே போட்டாள். பக்கத்தில் இருந்த பேக்கிங் செக்‌ஷன் நூர்பானு தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்த ஆளு இன்னொருத்தியக் கூட்டிக்கிட்டு திருப்பூர் போயி எட்டு வருசமாச்சு. இன்னைக்கு வரைக்கும் ஒரு போன் கெடையாது."

நாச்சியார் விழித்தாள். "அப்போ, காலையில காஷ்மீர்ல இருந்து பேசுனது?"

"எங்கம்மா. வீட்ல கேஸ் தீந்துபோச்சுன்னு சொன்னா."

நூர்பானு களுக்கென்று சிரித்தாள். நாச்சியார் வாயைப் பிளந்தபடி இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். மாடத்தி தன் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"எவனுக்கோ பயந்து நீ எதுக்குட்டி ரெண்டாந்தாரமாப் போகணும்? நாளைக்கு வந்து, எனக்கு நிச்சயம் ஆயிருச்சு சார்னு சொல்லிரு. ஆனா மாப்பிள்ள மிலிட்டரின்னு மட்டும் சொல்லிராத. அதுல ஏற்கெனவே நாங்க நாலு பேரு இருக்கோம். நீ போலீஸ எடுத்துக்க."