பதில் ஆள்

மூன்றாவது பாட்டிலும் கிளைவ் தப்பாகவே வாசித்தார்.

பாடிக்கொண்டிருந்த டெரெக் திரும்பி அவரை ஒரு முறை முறைத்தார். ட்ரம்ஸ் வாசிக்கும் காஸ் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பப்பின் மூலை மேஜையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"யோவ், யாராவது அந்த பேஸ் கிதாரை அவர்கிட்டேர்ந்து வாங்கி வையுங்கப்பா! பாவம், அதுக்கு வலிக்கப்போவுது!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. குழந்தையின் தள்ளுவண்டியை ஆட்டிக்கொண்டிருந்த கிர்ஸ்டியும் சிரித்துவிட்டாள். பிறகுதான் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஏழு மாசத்துக்கு முன்னால் அதே இடத்தில் நின்று பேஸ் வாசித்தவள் அவள். வயிறு கிதாருக்கு இடம் விடாமல் போகிற வரைக்கும் வாசித்தாள். மற்ற ஆறு நாளும் ஷெஃபீல்டில் ஒரு மருந்துக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்த பப்பில் இரண்டு மணி நேரம். பெரிய வித்வத் ஒன்றும் கிடையாது. ஆனாலும் அந்த இரண்டு மணி நேரத்தை நம்பித்தான் வாரம் முழுக்க ஓட்டுவாள்.

"பெத்துப் பொழைச்சு நிதானமா வா. அதுவரைக்கும் பதில் ஆள் வெச்சுக்கறோம்," என்றுதான் டெரெக் அனுப்பிவைத்தார்.

காஸுக்கு வாய் சும்மா இருக்காது. "வர்ற ஆளு பிரமாதமா வாசிச்சுட்டா? அப்புறம் அவரை யாரு போகச் சொல்றது?" என்றான்.

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் குழந்தை பிறந்து நாலு மாசமாக, ராத்திரி பால் கொடுக்க எழுந்திருக்கும்போதெல்லாம் அதே நினைப்பு. விரல் நுனியைத் தடவிப் பார்ப்பாள். கம்பி அழுத்திக் காய்த்துக் கிடந்த தோல் எல்லாம் உரிந்து, மெத்தென்று ஆகிவிட்டது. இனி அந்த இடம் தனக்கு இல்லை என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள்.

இன்றைக்கு வந்து பார்த்தால், இவர்!

இடைவேளையில் டெரெக் பீர் கோப்பையோடு வந்து உட்கார்ந்தார்.

"பாத்தியா கண்ணு, என் பொழப்பை? ஏழு மாசமா இதே கூத்து."

"வேற ஆளே கிடைக்கலையா?"

"எங்க தேட விட்டாரு? நீ வர்றதை நிறுத்தின மறுநாளே போன் பண்ணிட்டாரு. 'ஒரு ஞாயிறு தவறாம வர்றேன், ஒரு பீரும் ஒரு தட்டு சிப்ஸும் போதும்'னாரு. பனி கொட்டினாலும் எனக்கு முன்னாடி வந்து நிக்கிறாரு. தங்கமான மனுஷன். மூஞ்சிக்கு நேரா எப்படி வேணாம்னு சொல்றது?"

கிர்ஸ்டி குழந்தையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"நீ எப்ப வர்ற, அதைச் சொல்லு."

"விரலெல்லாம் மெத்துனு ஆயிடுச்சு டெரெக். பழையபடி வருமான்னு பயமா இருக்கு."

"நீ கையுறை போட்டுக்கிட்டு வாசிச்சாக்கூட இவருக்குத் தேவலாம்! அடுத்த மாசம் முதல் ஞாயிறு. ரெண்டே ரெண்டு பாட்டு வாசி, போதும். சரியா?"

அவள் தலையாட்டினாள். ஏழு மாசப் பாரம் இறங்கியதில் நாக்கு கொஞ்சம் துள்ளிவிட்டது. சிப்ஸ் தட்டோடு அந்தப் பக்கம் வந்த கிளைவிடம் கேட்டாள்.

"மூணாவது பாட்டை மறந்துட்டீங்களா, இல்ல கத்துக்கவே இல்லையா?"

"ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம்," என்று கிளைவ் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கச்சேரி முடிந்து கூட்டம் கலைந்தது. டெரெக்கும் காஸும் சாமான்களை வேனில் ஏற்றப் போனார்கள். சத்தம் படாமல் குழந்தையின் காதில் மாட்டியிருந்த மூடியைக் கழற்றியதுதான் தாமதம், அவன் வீறிட ஆரம்பித்தான். வண்டியை மேடை ஓரம் விட்டுவிட்டு, நாலே எட்டில் இருந்த சமையலறைக்குப் பால் புட்டியைச் சுட வைக்க ஓடினாள் கிர்ஸ்டி.

அழுகை அங்கேயும் கேட்டது. சட்டென்று நின்றது.

அவளுக்கு உயிரே போய்விட்டது. புட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

குழந்தை கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடந்தான். எதிரே ஸ்டூலில் கிளைவ். சத்தத்தை நன்றாகக் குறைத்துவைத்து பேஸ் வாசித்துக்கொண்டிருந்தார்.

அதே மூன்றாவது பாட்டு. அவள் மூன்று மாசம் போராடிக் கற்றுக்கொண்ட அந்த நடுப்பகுதியில் அவர் விரல்கள் அலட்சியமாக ஓடின. குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, கம்பியைப் பார்க்காமலே வாசித்தார். அவளுக்குத் தெரியாத இரண்டு மூன்று சங்கதிகள்கூட வந்து போயின.

காலடிச் சத்தம் கேட்டதும் கை நின்றது.

"அழுதான்... அதான்," என்றார் கிளைவ், திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி.

"உங்களுக்கு வாசிக்கத் தெரியும்!"

"முப்பது வருஷமா வாசிக்கிறேம்மா. தெரியாம என்ன?"

"அப்ப இந்த ஏழு மாசம்? வாராவாரம் எல்லாரும் சிரிச்சாங்களே... இன்னிக்கு நானும் சிரிச்சேனே!"

"சிரிச்சா என்ன இப்போ? டெரெக் கிட்ட மட்டும் சொல்லிடாத. நீ வர்ற வரைக்கும் இன்னும் ரெண்டு ஞாயிறு இருக்கு."

"எதுக்குக் கிளைவ் இப்படி?"

அவர் கிதாரை உறையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

"பன்னெண்டு வருஷம் முன்ன எனக்கு நெஞ்சுல ஆபரேஷன். மூணு மாசம் படுக்கை. எங்க குழுவுல எனக்குப் பதிலா ஒருத்தன் வந்தான்," என்றார். "ரொம்ப நல்லா வாசிச்சான்."