ஓட்டனார் செய்த வேலை

"அந்தக் கள்ளன் வந்திட்டான். உம்மட கைப்பையை எடுத்து உள்ளுக்கு வையும்!"

ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று தியாகலிங்கம் மனைவியிடம் கிசுகிசுத்தார். செல்வநாயகி ஓடிப்போய்க் கைப்பையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

ஆக்லாந்துப் புறநகரான ரானுயியில் இருந்த அந்த வீட்டு வாசலில், கேக் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கள்ளன் ஒற்றைக் காலில் நின்று சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். பெயர் கிரெய்க். ஆக்லாந்தில் எலெக்ட்ரீஷியனாக இருக்கும் சிட்னிப் பையன். அவர்களுடைய மகள் கௌரியைக் கட்ட ஆசைப்படுகிறவன். இதுவரை யாருடைய குண்டூசியையும் அவன் தொட்டதில்லை. திருடியது அவனுடைய ஓட்டனார், அதாவது பூட்டனுக்கும் அப்பன்.

நம்மவர்கள் கலியாணம் பேசினால் முதலில் நாலு பேரிடம் குலம் கோத்திரம் விசாரிப்பார்கள். வெள்ளைக்காரனைப் பற்றி யாரிடம் போய் விசாரிப்பது? போன ஞாயிற்றுக்கிழமை தியாகலிங்கம் அவனிடமே கேட்டுத் தொலைத்தார். ஓட்டனார் இங்கிலாந்தில் ஆடு திருடிப் பிடிபட்டதையும், விலங்கு மாட்டிக் கப்பலில் ஏற்றிச் சிட்னிக்கு நாடு கடத்தப்பட்டதையும், அவன் ஏதோ பட்டம் வாங்கிய கதைபோல நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்.

அவனையும் குறை சொல்ல முடியாது. அது 1988. கைதிக் கப்பல்கள் வந்து இருநூறு வருடம் என்று ஆஸ்திரேலியாவே வாணவேடிக்கை விட்டுக்கொண்டிருந்தது. பரம்பரையில் ஒரு கைதிகூட இல்லாதவர்கள், இருப்பவர்களைப் பார்த்து வயிறெரிந்த வருடம்.

இந்தப் பெருமையெல்லாம் தியாகலிங்கத்திடம் எடுபடவில்லை. பகல் முழுக்க மவுண்ட் வெல்லிங்டன் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவர் அவர். ஆனால் என்ன வேலை என்று யாராவது கேட்டால், "யாழ்ப்பாணக் கச்சேரியில கவுண்மெந்து கிளாக்கர்" என்று, விட்டுவந்த அரசாங்க வேலையைத்தான் இன்னும் சொல்வார்.

"சனத்தைவிட ஆடு கூடின நாட்டில, ஆட்டுக் கள்ளன்ர பரம்பரைக்குப் பொம்பிளை குடுக்கிறதோ?" என்று வாரம் முழுக்க வீட்டுக்குள் குதித்தார்.

"அப்பா, அது நூற்றைம்பது வருசத்துக்கும் முந்தின கதை."

"களவு எப்ப எடுத்தாலும் களவுதான். ஞாயிற்றுக்கிழமை அவனை வரச் சொல்லு, முகத்துக்கு நேர சொல்லிவிடுறன். பிறகு, பொம்பிளை கேட்ட லண்டன் பொடியன்ர ஆக்களுக்கு ஓமெண்டு போன் எடுப்பன்."

கௌரி அழுது அழுது கண் வீங்கிப்போனாள். அவளுக்குக் கிரெய்க்கைத் தவிர வேறு யாரும் வேண்டாம்.

இன்று கிரெய்க்கின் நெஞ்சு நிமிரவில்லை. செல்வநாயகி வைத்த வடையைத் தொடவுமில்லை. தலையைக் குனிந்தபடி கௌரியிடம் மெதுவாக ஏதோ சொன்னான். கேட்கக் கேட்க அவள் முகம் கறுத்தது.

"என்னவாம்? கேட்டுச் சொல்லு. கள்ளனோட எனக்கு நேர்க்கதை இல்லை," என்றார், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த தியாகலிங்கம்.

"அப்பா... இவற்ற மாமி சிட்னியில இருந்து நேற்றுப் போன் எடுத்தவவாம். வடிவா விசாரிச்சுப் பாத்தவவாம். ஓட்டனார் ஆடு களவெடுக்கேல்லையாம்."

"பின்ன என்னத்தைக் களவெடுத்தவராம்?"

"ஒண்டுமில்லை. அவர் கைதியே இல்லையாம். கைதியளைக் கட்டிவைச்சுச் சவுக்கால அடிக்கிறதுதான் அவற்ற வேலையாம்."

கிரெய்க் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவமானம் தாங்காமல் மாமி இருநூறாம் ஆண்டு விருந்தையே நிறுத்திவிட்டாளாம். பசிக்கு ஆடு திருடியவர்களின் முதுகுத் தோலை உரித்துச் சீவித்தவனின் வம்சம் என்று நினைத்ததும், கௌரியே அவனிடமிருந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"மறைச்சுக் கட்டக் கூடாதெண்டு சொல்ல வந்தவராம், அப்பா. நீங்கள் வேண்டாமெண்டா இப்பவே எழும்பிப் போறாராம்."

தியாகலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியில் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டு கிரெய்க்கை மேலும் கீழும் பார்த்தார்.

"அடிக்கிறதுக்குச் சம்பளம் ஆர் குடுத்ததெண்டு கேள்."

கௌரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் கேட்டாள்.

"இங்கிலாந்து ராசாவாம்."

தியாகலிங்கம் கதிரையை விட்டு எழுந்தார். கிரெய்க்கும் கேக் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போகத்தான் எழுந்தான். கௌரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"இஞ்சேரும், சாப்பாட்டைப் போடும்! மாப்பிள்ளையின்ர ஆக்கள் கவுண்மெந்து உத்தியோகக்காரர்!"