செம்பூரில் நின்ற வண்டி

தாராவியில், அந்தப் பழைய பைக்கின் பெட்ரோல் டேங்க் மூடியைப் பார்த்ததும் மெக்கானிக் தனசீலனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாருல இதுல பசையப் பூசுனது?"

"பெட்ரோல் ஒழுகிச்சு. நான்தான் பூசுனேன் அண்ணாச்சி" என்று தலைகுனிந்தாள் சுஜா.

"ஒழுக்கோட சேத்து, காத்து போற ஓட்டையையும் அடைச்சிட்டியேம்மா! கொஞ்ச தூரம் போனா பெட்ரோல் இறங்காம வண்டி நின்னுருமே!"

"நின்னுட்டு அண்ணாச்சி, செம்பூர்ல" என்று சிரித்தான் அவள் கணவன் ஸ்டெர்லின்.

"அங்கருந்து தள்ளிட்டு வந்திருக்க. சிரிப்பு வேறயால?"

ஸ்டெர்லின் லட்டு டப்பாவைத் திறந்து, முதல் லட்டை மனைவியின் வாயில் ஊட்டினான்.

"செம்பூர் வரைக்கும் ஓட்டுனது நானில்ல அண்ணாச்சி. காலைல எங்க வீட்டு வாசல்லருந்து திருடிட்டுப் போன பய. வண்டி நின்னதும் அங்கயே போட்டுட்டு ஓடிட்டான்!"