அசையாம உக்காருங்க தம்பி

ஓவியக் கண்காட்சிக்காக நூலகம் பலருக்கும் வெற்று நோட்டுகள் கொடுத்திருந்தது. தலைப்பை அவரவரே எழுதிப் பக்கத்துக்கு ஒரு படம் வரைய வேண்டும்.

தினமும் காலையில் எலெக்ட்ரீஷியனான மகன் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா அந்த நோட்டும் பென்சிலுமாகத் தயாராக இருப்பாள்.

"கொஞ்சம் அசையாம உக்காருங்க தம்பி."

"மரியாதையெல்லாம் பலமா இருக்கேம்மா!" சிரித்துக்கொண்டே உட்காருவான்.

நாற்பதாம் நாள் நோட்டு நிரம்பியது. அம்மாவையும் அழைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனான். வழியெல்லாம் படங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவன் அட்டையைக் கவனிக்கவில்லை.

"நாப்பது பக்கமும் என் மூஞ்சிதான் மேடம். காக்காய்க்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு!" என்று நீட்டினான்.

நூலகர் சிரிக்கவில்லை. நோட்டை மூடி, அட்டையை அவன் பக்கம் திருப்பினார். அம்மாவின் மணிமணியான கையெழுத்து.

'முன்பின் தெரியாத ஒரு முகம்.'

அவனுக்கு எழுத்து மங்கியது. பக்கத்தில் அம்மா நூலகரிடம் சன்னக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"யார் பெத்த புள்ளையோ, இத்தனை நாளும் சலிக்காம உக்காந்துச்சு. பெத்தவ கொடுத்து வச்சவ."