வீராயி கேட்ட ஒரே வரி

சாலிஹ் நானா மாத்தளையில் தன் துணிக்கடையிலேயே சிங்களம் கற்பித்தார். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் பாடம்.

"ஆளுக்கு ஆள் அளவு வேற. அளவு எடுக்காமத் தைச்சா சட்டை நிக்குமா?" என்பார்.

கிளர்ச்சிக்காரர்கள் என்று இளைஞர்களைப் படையும் பொலிஸும் அள்ளிக்கொண்டுபோன 1989இல் ஒருநாள், தேயிலைத் தோட்டத்திலிருந்து வீராயி வந்தாள். அவளுடைய மூத்த மகன் காணாமல் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது.

"நாளைக்கு ஆஸ்பத்திரியில ஒரு பொணத்தைக் காட்டுறாங்களாம். பொலிஸ்காரருக்குத் தமிழ் தெரியாது. 'இது என் மகன் இல்ல'ன்னு சொல்ல மட்டும் பழக்கி விடுங்க நானா."

"முழுச் சீலை வேணாம், ஒரு சாண் துணி போதும்ங்கிறே," என்று சிரிக்கவைக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

நானா தானே பொலிஸ்காரராகி, மேசையைத் தட்டி அதட்டினார். அவள் பதில் சொன்னாள்.

"வார்த்தை சரி. குரல்தான் நடுங்குது. திரும்பச் சொல்லு."

முப்பதாவது தடவையில் நடுக்கம் நின்றது. அவள் நம்பிக்கை பலிக்கட்டும் என்று நானா அன்று துஆ கேட்டார்.

மறுநாள் மாலை அவள் வந்தாள்.

"சொன்னியா தங்கச்சி?"

"சொன்னேன். நடுங்கல."

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப ஒன்ட மகன் இல்ல!"

"அவன்தான் நானா." கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அனாதைப் பொணம்னு எழுதிக்கிட்டாங்க. என் மகன்னு சொல்லியிருந்தா, வீட்டுல இருக்கிற ரெண்டு பயலுகளையும் வந்து அள்ளிட்டுப் போயிருவாங்க."

நானா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வேற யாரோ பெத்த புள்ளையா இருந்தா, நடுங்காமச் சொல்ல எனக்கு எதுக்கு நானா பாடம்?"