நாள் குறிக்காத கண்காட்சி

"காசு கிடைச்சிட்டுது அண்ணை! இனி நாள் குறிக்கிற வேலை ஒண்டுதான் மிச்சம்!"

உரும்பிராயில் உள்ள கனகலிங்கத்தாரின் வீட்டு முன்னறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகப் பத்மாசினி இவ்வாறு கூவினாள். யாழ்ப்பாணத்திலே சர்வதேசத் தபால் முத்திரைக் கண்காட்சி ஒன்றை நடத்துவதென்று முத்திரை சேகரிப்போர் சங்கம் தீர்மானித்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. கனகலிங்கத்தார் சங்கத்தின் தலைவர், பத்மாசினி பொருளாளர். நாற்பத்தொரு நாடுகளில் உள்ள சங்கங்களுக்குக் கடிதம் எழுதும் பொறுப்பு அவருடையது. செலவுக்கு ஆள் பிடிக்கும் பொறுப்பு அவளுடையது. பதினொரு மாதம் விடாமல் அலைந்து, இன்று அந்த ஆளைக் கையோடு அழைத்தும் வந்திருந்தாள்.

"இவர்தான் ஜெபசீலன். கொழும்புத்துறைப் பிள்ளை. நோர்வேயிலை மீன் வியாபாரம். மண்டபம், கண்ணாடிச் சட்டம், வாற ஆக்களுக்குச் சாப்பாடு, தங்குமிடம், எல்லாம் இவர் பாத்துக்கொள்ளுவார்."

கனகலிங்கத்தார் துள்ளிக் குதிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவரோ, இழவுச் செய்தி கேட்டவர்போல நாற்காலியில் மெல்ல அமர்ந்தார்.

"முழுச் செலவுமோ, தம்பி?"

"ஓம் ஐயா. நாளைக்குக் காலமை நான் நோர்வேக்கு வெளிக்கிடுறன். திகதியை மட்டும் இண்டைக்கே சொல்லிப்போடுங்கோ. மார்கழியிலை வைப்பமோ?"

"மார்கழியோ? மழை. ஈரத்திலை முத்திரையெல்லாம் ஒண்டோடையொண்டு ஒட்டிப்போகும்."

"அப்ப ஆவணி?"

"நல்லூர்த் திருவிழாக் காலம். வெளிநாட்டுக்காரரைக் கொண்டுபோய் எங்கை படுக்க வைக்கிறது?"

"பங்குனி?" என்றாள் பத்மாசினி.

"அந்த வெயிலுக்குப் பசை இளகிப்போகும், தங்கச்சி."

"மழையிலை ஒட்டும், வெயிலிலை இளகும்! உங்கடை முத்திரையை வளர்க்கிறதிலும் பச்சைப்பிள்ளையை வளர்க்கிறது சுகம் ஐயா" என்று ஜெபசீலன் சிரித்தார்.

கனகலிங்கத்தார் சிரிக்கவில்லை. "அதோடை, தங்கடை முத்திரையளுக்குக் காப்புறுதி வேணுமோ எண்டு பிஜித் தீவாரிட்டைக் கேட்டு எழுதினனான். இன்னும் பதில் வரேல்லை. அது வராமல் நாள் வைக்கேலாது."

"இவ்வளவுதானே! ஈமெயில் விலாசத்தைத் தாங்கோ. இப்பவே போட்டால் விடியிறதுக்குள்ளை பதில் வரும்."

"ஈமெயிலோ!" பாம்பை மிதித்தவர்போல அவர் துடித்தெழுந்தார். "அது மரியாதையில்லை, தம்பி. எங்கடை சங்கத்துக்கு ஒரு முறை இருக்கு."

அந்த முறையைப் பத்மாசினி நன்கறிவாள். ஒரு கடிதத்தில் ஒரு கேள்வியே கேட்பார். மண்டபத்தைப் பற்றி ஒன்று. சட்டங்களின் அளவைப் பற்றி மற்றொன்று. மரக்கறி உண்பவர் எத்தனை பேர் என்பதற்கு வேறொன்று. வந்த பதில்களைக் கோவையில் இட்டு, அக்கோவையைப் பிறர் கை படாமல் வைத்திருப்பார். அது அவருடைய ஒழுங்கு என்றே அவள் எண்ணியிருந்தாள். இன்றோ அவளுக்குத் தலை சுற்றியது. பணமில்லையே என்று நான்கு ஆண்டுகளாகப் புலம்பிய மனிதர், பணம் படலையடியில் வந்து நிற்கும்போது கதவைச் சாத்துவானேன்?

ஜெபசீலன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அக்கா, நான் கீரிமலைக் கேணிக்குப் போய் ஒரு முழுக்குப் போட்டிட்டு வாறன். வரேக்கை ஒரு திகதியைச் சொல்லுங்கோ. இல்லாட்டில் கோவிக்கக்கூடாது, காசை எங்கடை ஊர் விளையாட்டுக் கழகத்துக்குக் குடுத்திட்டுப் போயிடுவன்."

அவருடைய வாகனம் ஒழுங்கையைக் கடந்ததுதான் தாமதம், பத்மாசினி வெடித்தாள்.

"என்னண்ணை செய்யிறியள்? பதினொரு மாதமா அந்த மனிசனுக்குப் பின்னாலை திரிஞ்சனான். என்ரை முகத்திலை கரி பூசப் பாக்கிறியளோ?"

"அப்பிடிச் சொல்லாதை, தங்கச்சி."

"அவரிலை நம்பிக்கை இல்லையோ?"

"சீச்சீ! தங்கமான பிள்ளை."

"சங்கக் காசிலை ஏதும் பிசகோ?"

"நீதானே பொருளாளர்! தபாற் செலவைத் தவிர ஒரு சதம் வெளியிலை போனதோ?"

போகவில்லைதான். "அப்ப என்னதானண்ணை உங்களுக்குச் சங்கடம்?"

அவர் வாய் திறப்பதற்குள் வாசலில் தபாற்காரனின் மணி ஒலித்தது. செருப்பையும் மறந்து கனகலிங்கத்தார் ஓடினார். திரும்பி வந்தபோது அவருடைய முகம் பத்து வயது குறைந்தாற்போல மலர்ந்திருந்தது. கையில் ஒரு கடித உறை.

"பிஜி, தங்கச்சி! பிஜி!"

பத்மாசினிக்குப் போன உயிர் மீண்டது. "அப்பாடா! காப்புறுதிப் பதில் வந்திட்டுது. ஜெபசீலன் வாறதுக்குள்ளை வாசிச்சு நாளை வையுங்கோ!"

அவர் வாசிக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து, உறையின் மூலையை முத்திரையோடு பக்குவமாக வெட்டினார். வெட்டிய துண்டைக் கிண்ணத்து நீரில் மிதக்கவிட்டார். உள்ளே கடிதம் இருக்கிறபடியே உறையை அவளிடம் நீட்டி, "இதை உந்தக் கோவையிலை போடு" என்றார், மகிழ்ச்சியிலே தம்மை மறந்து.

பத்மாசினி முதன்முறையாக அக்கோவையைத் திறந்தாள். நான்கு ஆண்டுகளாக நாற்பத்தொரு நாடுகளிலிருந்தும் வந்த உறைகள் மூலை மட்டும் வெட்டப்பட்டு அடுக்கடுக்காய்க் கிடந்தன. உள்ளிருந்த கடிதங்களுள் ஒன்றேனும் வெளியே எடுக்கப்பட்டிருக்கவில்லை.

"அண்ணை... இதிலை ஒண்டையும் நீங்கள் வாசிக்கேல்லையோ?"

நீரில் கழன்ற முத்திரையை இடுக்கியால் தூக்கி வெளிச்சத்திற்குப் பிடித்தபடி அவர் சொன்னார்: "கண்காட்சி நடந்து முடிஞ்சிட்டால், தங்கச்சி, பிறகு எந்த நாட்டுக்காரன் எனக்கு முத்திரை ஒட்டிக் கடிதம் போடப்போறான்?"